பந்தல் கடைக்கு வந்த டெலிபோன்

“கோயில்ல மணி அடிச்சா பூசை நடக்கும். இங்க மணி அடிச்சா என்னாம்மா நடக்கும்?”

எங்கள் கடையில் டெலிபோன் வைத்த அன்று சித்தப்பா என்னிடம் கேட்டது இது. கேட்டுவிட்டு, மூங்கில் கட்டு ஒன்றைத் தோளில் சாய்த்தபடி பதிலுக்காக நின்றார். வண்டிகள் போகும் சடக்கு ஓரத்துக் கம்பத்திலிருந்து கம்பி இழுத்துக்கொண்டிருந்த டெலிகாம் ஆட்களில் ஒருவர் தமிழர். அவர் ஏணியில் நின்றபடியே சிரித்தார்.

“கல்யாணம் நடக்கும் சித்தப்பா,” என்றேன்.

“டெலிபோன்ல தாலி கட்டுவாங்களா?”

பந்தல் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சித்தப்பாவிடம் நெடுநேரம் கோபித்துக்கொள்ள எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, தன் தலைக்குப் போடவேண்டிய சாக்கை என் தலையில் போட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர்.

எங்கள் கடை காஜா பெராங்கில், சிட்டிக்காரர்களின் குடியிருப்பான சிட்டி கம்பத்துக்குத் திரும்பும் சந்தின் முனையில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எது நடந்தாலும் அதற்கு வேண்டிய பந்தலும் நாற்காலியும் சமையல் பாத்திரமும் எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது அண்டாக்கள். நான் சிறுபெண்ணாக இருந்தபோது கண்ணாமூச்சி ஆடி, அவற்றில் ஒன்றுக்குள் உட்கார்ந்து தூங்கிப்போனதாக அம்மா இன்றும் எல்லாரிடமும் சொல்வாள். அப்பா கடையைப் பார்ப்பார். அவருடைய தம்பியான சித்தப்பா பந்தல் ஆட்களை வைத்து வேலை வாங்குவார். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு கல்யாணமும் நின்றதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி இறுதிக் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் நான் தேறிய செய்தி வந்ததும் அப்பா அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கருமாதிக்கு ஜமுக்காளம் எடுக்க வந்தவரிடமும் சொன்னார். நான் டீச்சர் ஆவேன் என்று ஊரே முடிவு செய்திருந்தது. நானோ கடையில் போய் உட்கார்ந்தேன். படித்த பெண் அண்டா எண்ணுகிறாளே என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கடை எனக்குப் பிடித்திருந்தது. அதோடு அதில் ஒரு கோளாறும் எனக்குத் தெரிந்திருந்தது.

எஸ்டேட் ஆட்கள் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று ஒரு நாள் ஒருவரிடம் கேட்டேன். ஜாசின் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர் அவர். “அப்பாகிட்ட சொல்ல வந்தா ஒரு நாள் வேலை போகுதும்மா. மறுபடி நினைவுபடுத்த வந்தா இன்னொரு நாள். வேற கடையில டெலிபோன் இருக்கு. எங்க ஆபீசு கிராணி ஒரு தடவை பேசினாப் போதும், லோரி வந்துடுது,” என்றார். எஸ்டேட் கணக்கு எழுதுகிறவரைத்தான் இங்கே கிராணி என்போம். தோட்டத்தில் டெலிபோன் அவர் மேசையில் மட்டும்தான் இருக்கும்.

அன்றிலிருந்து அப்பாவை நச்சரித்தேன். கடைசியில் அவர் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“ஆனி மாசம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இது நம்ம தொழிலுக்கு ஒத்துவரலன்னா திருப்பிக் கொடுத்துடுவோம். நீயும் டீச்சர் வேலைக்கு எழுதிப் போடணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“மாற மாட்டேன்,” என்றேன். டெலிபோன் இருந்தால் நான் கடையில் இருக்கலாம். அது போனால் நானும் போக வேண்டும். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

கறுப்பாக, பளபளவென்று, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது டெலிபோன். முதல் சில நாட்கள் அதில் வியாபாரம் தவிர எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டு நோன்யா அம்மா சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தன் மகனோடு பேச வந்தார். அவர் சிட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் விபூதி, கழுத்தில் தாலி, வீட்டில் சாமி அறை எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் முழுக்க மலாய். அதனால் அம்மாவும் அவரும் மலாயில்தான் வம்பளப்பார்கள். டெலிபோனில் பேசும் முன் அவர் கெபாயாச் சட்டையின் ஊசியைச் சரிசெய்து, கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மகன் பார்க்க முடியாது என்று நான் சொன்னேன். “அவன் பார்க்காவிட்டால் என்ன, நான் அவன் முன்னால் நிற்கிறேன் அல்லவா?” என்று மலாயில் சொல்லிவிட்டு, சிங்கப்பூருக்கு நேராகவே கேட்கும்படி கத்தினார். சடக்கில் போன டிரிஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

அப்பா டெலிபோனைத் தொடமாட்டார். ஆனால் நான் எக்ஸ்சேஞ்சில் இங்கிலீஷில் பேசி நம்பர் கேட்கும்போது கல்லாவிலிருந்து எழுந்து வந்து நிற்பார். நான் பேசி முடித்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் காஸ் விளக்கின் மேண்டிலைச் சோதிக்கப் போய்விடுவார்.

இனி அப்பாவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது யாருக்கும் புரியாது.

எங்கள் கடையில் யார் வந்து எந்த நாளைக் கேட்டாலும் அது வெறும் விசாரிப்புதான். அவர்கள் தட்டில் வெற்றிலையும் பாக்கும் பழமும் வைத்து நீட்ட வேண்டும். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி முருகன் படத்துக்கு முன்னால் வைப்பார். அதற்குப் பிறகுதான் அந்த நாள் அவர்களுடையது. அதன்பின் யார் வந்து எவ்வளவு கொடுத்தாலும் அந்த நாளை மாற்றமாட்டார். ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்தையே, முதல் நாள் வெற்றிலை கொடுத்துப் போன ஒரு முடிதிருத்துகிறவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த நேர்மையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் டெலிபோன் வழியாக வெற்றிலை வராது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பங்குனியில் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கிராணி பேசினார். அவர்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற ஒருவரின் மகளுக்கு வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். பந்தலும் பாத்திரமும் வேண்டும் என்றார். நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நல்லதும்மா, சந்தோசம்,” என்றார். நான் கிராணியிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டேன். என் வரையில் அது எங்கள் டெலிபோனுக்கு வந்த முதல் கல்யாணம். அப்பா வரையில் ஒரு நல்ல மனிதர் தூரத்திலிருந்து விசாரித்திருக்கிறார். வெற்றிலையோடு வருவார்.

சித்திரையில், நான் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை, பாச்சாங்கிலிருந்து ஒரு குடும்பம் தட்டோடு வந்திருக்கிறது. அதே முகூர்த்தம். அந்த நாளுக்கு முருகன் படத்தின் முன்னால் வேறு யாருடைய வெற்றிலையும் இல்லை. அப்பா நிம்மதியாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாச்சாங் கல்யாணம் இருப்பது எனக்குத் தெரியும். எந்த நாள் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்களிடம் இரண்டு கல்யாணத்துக்குத் தேவையான மூங்கிலும் கூடாரத் துணியும் உண்டு. நாற்காலியைக்கூட எப்படியாவது பிரித்துக்கொள்ளலாம். பெரிய அண்டாக்கள் மட்டும் ஒரு கல்யாணத்துக்குத்தான் வரும்.

முகூர்த்தத்துக்கு முந்திய வாரம் கிராணி மறுபடி பேசினார்.

“பொண்ணோட அப்பா கேக்கச் சொன்னாரும்மா. ஆத்துப் பாலம் உடைஞ்சு கிடக்கு, லோரி பள்ளிக்கூடத்துப் பக்கமா சுத்தி வரணும். டிரைவர்கிட்ட சொல்லிடுங்க.”

நான் டெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி, “அப்பா, ஜாசின் லோரி பள்ளிக்கூடத்து வழியா போகணுமாம்,” என்றேன்.

“எந்த லோரி?” என்றார் அப்பா.

“எஸ்டேட் கல்யாணத்துக்கு.”

“அன்னிக்குப் பாச்சாங் கல்யாணம்லம்மா. எஸ்டேட்காரங்க இன்னும் வெத்தலையே கொண்டாரலியே.”

டெலிபோனுக்குள் கிராணி, “ஹலோ, ஹலோ,” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபடி பேசுவதாகச் சொல்லி வைத்தேன்.

என்ன நடந்திருக்கிறது என்பது அப்பாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் அவர் கத்தவில்லை. அண்டாக்களுக்குப் பக்கத்தில் போய் ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அந்த மனுசன் மகளுக்குப் பத்திரிகை அடிச்சு லயத்து வீடு பூரா கொடுத்திருப்பான்,” என்றார். “நம்ம கடையை நம்பி அடுப்புக்குக் குழி வெட்டி வச்சிருப்பான்.”

சித்தப்பாதான் பேச்சைத் தொடங்கினார். “நான் அன்னிக்கே கேட்டேன்ல?”

“நீ சும்மா இருடா,” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். “உன் மேல தப்பில்ல. என் மேலயும் இல்ல. இது நம்ம தொழிலுக்கு ஒத்துவரல, அவ்வளவுதான். இந்தக் கல்யாணத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு, எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுதிப் போட்டுடும்மா.”

அவர் திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். இப்படி ஆறுதல் சொன்னால் என்ன செய்வது? அம்மா பசியாற ரொட்டியும் கோப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். யாரும் தொடவில்லை.

“வழி பண்ணணும்னா யார்கிட்டயாவது கேக்கணும்ல,” என்று டெலிபோனை எடுத்தேன். “பஸ் ஏறிப் போய்க் கேக்க நாள் இல்ல.”

முதலில் ஊருக்குள் பாத்திரம் வாடகைக்குவிடும் இன்னொரு கடைக்குப் பேசினேன். அன்றைக்கு அவர்களிடம் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. பிறகு மூவார். அங்கேயும் அப்படித்தான். தம்பினில் ஒரு கடைக்காரர், நான் நாளைச் சொன்னதுமே சிரித்துவிட்டார்.

“நல்ல நாள் உங்களுக்கு மட்டுமா வருது தங்கச்சி? தம்பின்லயும் அன்னிக்கு நல்ல நாள்தான். பஞ்சாங்கம் பாக்காத ஆளா பாத்துக் கேளு!”

வேடிக்கைக்காகத்தான் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் டெலிபோன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்காத ஆள். ஊரில் ஒருவர் இருந்தாரே.

துக்காங் எமாஸ் தெருவில், பள்ளிவாசலைத் தாண்டி மசாலாச் சாமான் கடை வைத்திருந்த பாய். அவர் கடைக்குப் பின்கட்டில் அண்டா போன்ற பெரிய தேக்சாக்கள் அடுக்கியிருக்கும். பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் போவோம். முஸ்லிம் கல்யாணங்களுக்கு நெய்ச்சோறும் பிரியாணியும் ஆக்க அவர்தான் பாத்திரம் கொடுப்பார். அப்பாவும் அவரும் எதிரே வந்தால் தலையசைத்துக்கொள்வார்கள். ஆனால் அப்பா அவரிடம் பாத்திரம் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

டைரக்டரியில் அவர் நம்பரைத் தேடினேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

“யாருக்குப் பேசுற?”

“பாய் கடைக்கு.”

“அவங்க பாத்திரத்துலயா...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

பாயின் குரல் கனமாக இருந்தது. நான் யாருடைய மகள் என்று சொன்னேன்.

“பந்தக்காரர் மவளா? நீதானே பரீச்ச பாஸ் பண்ணுன புள்ள? ஒங்க வாப்பா எங்க கடைப் பையன்கிட்டக்கூட சொன்னாரே.”

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

“பாத்திரம் சும்மாத்தான் கெடக்கு,” என்றார். “எங்களுக்கு அன்னைக்கு முஹர்ரம் மாசம். கலியாணம் கெடையாது. நீ எடுத்துக்க, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். நாங்க அதுல கறி ஆக்குறவங்க. ஒங்க பொண்ணு வீட்டுக்காரங்க சம்மதிப்பாங்களா? பந்தியில ஒக்காந்த பொறவு தெரிஞ்சா வம்புல்ல?”

அந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் கூடவே இருந்தது. அவர் கேட்டுவிட்டதால் அந்த நினைப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

“கேட்டுச் சொல்றேன் பாய்.”

“கேளு. வேணும்னா ஈயம் பூசுற ஆளு இப்ப நம்ம தெருவுலதான் இருக்கான். பெரிய தேக்சா எல்லாத்தையும் புதுசா பூசச் சொல்லிடுறேன். பூசிட்டா அது புதுப் பாத்திரம்தான். அதையும் அவங்ககிட்ட சொல்லு.”

எஸ்டேட்டுக்குப் பேசினேன். கிராணி ஒரு ஆளை அனுப்பி, மரம் வெட்டும் வெட்டுக்காட்டில் இருந்த பெண்ணின் அப்பாவை ஆபீசுக்கு வரவழைத்தார். அவர் வந்ததும் கிராணியே என்னைக் கூப்பிட்டு, டெலிபோனை அவர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கு முன் டெலிபோனைக் கையில் பிடித்ததில்லை போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே, நான் காஜா பெராங் பந்தல் கடையிலிருந்து பேசுறேன். எங்க அண்டா அன்னிக்கு வேற கல்யாணத்துக்குப் போகுது. எங்க கடையில நடந்த தப்பு. துக்காங் எமாஸ் பாய் கடையில தேக்சா இருக்கு. அவங்க அதுல ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாம் ஆக்குவாங்க. புதுசா ஈயம் பூசித் தர்றாங்க. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும் கொண்டாரோம். சம்மதமா அண்ணே?”

பதில் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மூங்கிலைக் கீழே வைத்திருந்தார்.

“அண்ணே? சம்மதமா?”

மறுபடியும் மூச்சுச் சத்தம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்போது தூரத்திலிருந்து கிராணியின் குரல் கேட்டது. “வாயைத் திறந்து சொல்லுய்யா! அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?” பிறகு டெலிபோனை அவரே வாங்கிக்கொண்டார். “அப்போதேலருந்து தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரும்மா. சம்மதம்தான்.”

“அவர் வாயால சொல்லணும் சார்.”

பெண்ணின் அப்பா மறுபடி வந்தார். இந்த முறை நோன்யா அம்மாவைவிடப் பலமாகக் கத்தினார். “சம்மதம்மா! ஞாயித்துக்கிழமைன்னா நாங்களும் கறி திங்கிற சனம்தான்! தாலி கட்டுற அன்னிக்கு மட்டும் மரக்கறி! கழுவுனா அண்டா அண்டாதானேம்மா! நீங்க நேரத்துக்கு வந்துடுங்க, அது போதும்!”

அது அப்பாவுக்கும் கேட்டது. கடைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

உடனே பாய்க்குச் சொன்னேன். “நல்லது மவளே, விடியக் காலம் லோரியக் கொண்டா,” என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். கடையில் இருந்தபடியே எல்லாம் முடிந்துவிட்டது. பஸ் ஏறிப் போயிருந்தால் நான் தம்பினில்கூட இன்னும் இறங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் அப்பாவின் முகம் தெளியவில்லை. “அவர்கிட்ட என்னா கொடுத்து உறுதி பண்ணுன?” என்று கேட்டார்.

“பேசினேன்பா.”

“பேச்சு மட்டும்தானா?”

“அவரும் பேச்சு மட்டும்தானே கொடுத்தாரு.”

அப்பா அந்த வாரம் முழுக்கத் தவித்தார். வேறு யாராவது கேட்டால் பாய் கொடுத்துவிடுவாரோ என்று பயம். நேரில் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நாள் சட்டையைக்கூட மாட்டினார். போனால் நம்பாததுபோல் ஆகிவிடும் என்று அம்மா சொன்னாள். சட்டையைக் கழற்றிவிட்டார். எனக்கு மட்டும் பயம் இல்லையென்று சொன்னால் பொய். அந்த தேக்சாக்கள் வராவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் கெடும், அப்பாவின் பெயர் கெடும், டெலிபோன் போகும். டெலிபோனைத் திருப்பி எடுக்கச் சொல்லி எழுத வேண்டியவளும் நான்தான்.

முகூர்த்த நாள் விடியலில் அப்பா பாச்சாங் கல்யாணத்துக்குப் போனார். நானும் சித்தப்பாவும் லோரியில் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போனோம். தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையார் கோயிலில் நடை திறந்திருந்தது. பாய் கடையின் முன்நடையான அஞ்சடியில் தேக்சாக்கள் வரிசையாக நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் அளவுக்கு ஈயம் மின்னியது. சித்தப்பா ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தார்.

“என்னா பந்தக்காரரே, கறி ஒட்டியிருக்கான்னு பாக்குறீரா?” என்றார் பாய்.

“இல்ல பாய், தலை சீவிக்கலாமான்னு பாக்குறேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் தன் கையாலேயே ஒரு பக்கம் பிடித்து லோரியில் ஏற்றினார். கூடவே ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்தார். பாயசத்துக்கு என்றார்.

எஸ்டேட்டில் பெண்ணின் அப்பா லயத்து முனையில் நின்று லோரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, சிரிக்கத் தெரியாத மனிதர். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். டெலிபோனில் எனக்குத் தெரியாமல் போன தலையாட்டல் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சமையல்காரர் தேக்சாவைத் தட்டிப் பார்த்து, “அடி கனமா இருக்கு, சாம்பார் பிடிக்காது,” என்று மெச்சினார். பந்தி முடியும்வரை யாரும் ஒரு முணுமுணுப்பும் முணுமுணுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், பாயசத்தில் ஏலக்காய் தூக்கலாக இருப்பதாகக் குறைபட்டு, மூன்றாம் முறை வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை அப்பா பாச்சாங்கிலிருந்து திரும்பியபோது நான் கடையில் உட்கார்ந்து, டெலிபோனை எடுத்துப் போகச் சொல்லி எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தேன். பேச்சு மாறமாட்டேன் என்று சொன்னவள் அல்லவா. அப்பா அந்தத் தாளைப் பார்த்தார். சித்தப்பாவிடம் எஸ்டேட்டில் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு டெலிபோனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பாய்கிட்ட நான் பேசணும். போட்டுக் கொடு.”

கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன். “பாய்! நான்தான்!” என்று சொல்லிவிட்டு அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். என்ன பதில் வந்ததோ, அப்பா நெடுநேரம் சிரித்தார். அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. நானாகவே எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆனாலும் வெறும் பேச்சை நாளாக ஏற்க அப்பாவால் முடியவில்லை. அதற்கு வழி கண்டவள் அம்மா. “அவங்க கையில வெத்தலை இல்லன்னா என்னா? நம்ம கொல்லையில கொடி இல்லையா?” என்றாள். டெலிபோனில் யாராவது நாளை உறுதி செய்தால் அம்மா கொல்லையிலிருந்து வெற்றிலை பறித்து, தட்டில் வைத்து, பேசியவர் சார்பில் அப்பாவிடம் நீட்டுவாள். “ஜாசின் கிராணி கொடுத்தாங்க,” என்பாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் இரண்டு பேருக்குப் போனதில்லை.

ஆனி முகூர்த்தங்களுக்கு எஸ்டேட்டுகளிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கிராணி பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகளிடம் சொல்லியிருக்கிறார். நான் சாப்பிடப் போனால் சித்தப்பா டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மணி அடித்தால் எடுக்கமாட்டார். “ஓடியா, ஓடியா, கல்யாணம் கூப்பிடுது!” என்று கத்துவார்.

ஆனியும் முடிந்தது. அப்பா நிபந்தனையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்தது ஆடி. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் செய்வதில்லை. அதனால் கடை படுத்துவிடும். பந்தல் ஆட்கள் சாக்கடை வெட்டவும் கித்தா எனும் ரப்பர் மூட்டை தூக்கவும் போவார்கள். ஒவ்வொரு ஆடியிலும் சிலர் திரும்பி வராமலே போயிருக்கிறார்கள். சித்தப்பாவின் கவலையெல்லாம் அதுதான்.

தம்பின்காரர் சொன்ன பஞ்சாங்கப் பேச்சு என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய்மார்களுக்கு வேலை இல்லாத மாதம் வேறு, நமக்கு வேலை இல்லாத மாதம் வேறு. எங்கள் கடைக்கும் பாய் கடைக்கும் நடுவே சைக்கிள் மிதித்துப் போகும் தூரம்தான். இத்தனை வருடம் ஒருவர் மூங்கில் சும்மா கிடக்கும்போது மற்றவர் மூங்கில் போதாமல் தவித்திருக்கிறார். கேட்காததுதான் குறை.

ஆனி முடியும் முன்பே பாய்க்குப் பேசினேன். ஆடியில் அவர்களுக்கு நபி பிறந்த மாதத்து மௌலூது விருந்துகளும் கல்யாணங்களும் வரிசையாக இருந்தன. பந்தலுக்கு ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருந்தார். பந்தலும் நாற்காலியும் விளக்கும் ஆட்களும் எங்களுடையது, பாத்திரம் அவருடையது என்று பேசி முடித்தேன். கறி ஆக்க எங்கள் அண்டாக்கள் போகமாட்டா என்பதையும் முதலிலேயே சொன்னேன். “அது எனக்குத் தெரியாதா மவளே,” என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது, “எல்லாம் பேசிட்டுத்தான் எங்கிட்ட சொல்றியா?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஆட்களை அனுப்பிவிட வேண்டாம் என்று சித்தப்பாவுக்குச் சொல்லப் போனார்.

முதல் பந்தல் நேற்று துக்காங் எமாஸ் தெருவில் ஏறியது. இன்று காலை நான் மூவாருக்கும் தம்பினுக்கும் பேசி, அந்த ஊர்களில் தேக்சா வைத்திருக்கும் பாய்மார்களின் நம்பர்களை வாங்கிவிட்டேன். அங்கே பேசியதில் மூவார் பாய், ஆடியைப்போலவே நம்மவர்கள் கல்யாணம் செய்யாத புரட்டாசிக்கு இரண்டு பந்தல் கேட்டிருக்கிறார்.